21 தோல்விகளும் 50,402 ரசிகர்களும்

ஒரு கடையில் வாங்கிய பொருள் சரியில்லை. மாற்றி வாங்கினால் அதுவும் சரியில்லை. இப்படி 21 தடவை நடந்தால், 22-வது தடவை அந்தக் கடைப் பக்கம் யாராவது போவார்களா? தரம் குறைந்தால் கிராக்கி குறையும், வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்பது பி.காம். முதலாண்டுப் பாடம்.

1988-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் இந்தப் பாடம் பலிக்கவில்லை. அந்த ஊர் பேஸ்பால் அணியின் பெயர் ஓரியோல்ஸ். அந்த வருட சீசனின் முதல் 21 ஆட்டங்களிலும் அது வரிசையாகத் தோற்றது. 24 ஆட்டங்கள் முடிந்தபோது கையில் இருந்தது ஒரே ஒரு வெற்றி. அந்த லட்சணத்தில் ஊர் திரும்பிய அணியைப் பார்க்க, மே 2-ஆம் தேதி, ஒரு திங்கட்கிழமை ராத்திரி, மைதானத்துக்கு வந்தவர்கள் 50,402 பேர்!

பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த ஐம்பதாயிரம் பேருக்கும் ஒரு காரணம் இருந்தது. அது புரிய வேண்டுமானால் ஏப்ரல் மாதத்திலிருந்தும், அதற்கு நாலு வருடம் முன்னாலிருந்தும் ஆரம்பிக்க வேண்டும்.

ஏப்ரல் என்றால் நம்பிக்கை

முதலில், பேஸ்பால் ரசிகரின் வருடம் எப்படிப் போகிறது என்று ஒரு சின்ன அறிமுகம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வொரு அணியும் ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடும். ஏப்ரல் வாக்கில் தொடங்கி செப்டம்பர் முடிய, ஏறக்குறைய தினமும் ஓர் ஆட்டம். திங்கட்கிழமை தோற்றால் செவ்வாய்க்கிழமை மறுபடி ஆட்டம். நன்றாக ஆடும் அணிகூட வருடத்துக்கு அறுபது, எழுபது தடவை தோற்கும். அதனால் பேஸ்பால் ரசிகருக்கு ஆட்டம் என்பது தீபாவளி மாதிரி இல்லை, தினமும் காலையில் வாசலில் விழும் பேப்பர் மாதிரி. ராத்திரி ரேடியோவில் வர்ணனை கேட்பார். காலையில் பேப்பரில் ஸ்கோர் அட்டவணை பார்ப்பார். ஆபீஸில் அதைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார். ராத்திரி மறுபடி ரேடியோ.

இந்த ஆறு மாத ஓட்டத்தில் ஏப்ரல் மாதத்துக்குத் தனி மவுசு. பனிக்காலம் முடிந்து வெயில் எட்டிப் பார்க்கிற நேரம். போன வருடக் கணக்கெல்லாம் அழிந்து, எல்லா அணியும் பூஜ்யத்தில் நிற்கும். மட்டமான அணியின் ரசிகருக்கும் இந்த வருடம் ஏதாவது நடக்கலாம் என்று தோன்றும் மாதம் அதுதான். முதல் ஆட்ட நாளன்று ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டம் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போவது அங்கே பல ஊர்களில் வழக்கம்.

சீசனின் முதல் சில ஆட்டங்களில் தோற்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். 162-ல் அஞ்சு போனால் என்ன, மிச்சம் 157 இருக்கிறதே என்பார்கள். பால்டிமோர் ரசிகர்களும் முதல் வாரம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பனி ராத்திரியில் போன அணி

இப்போது நாலு வருடம் பின்னால் போக வேண்டும்.

பால்டிமோர், மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பழைய துறைமுக நகரம். இரும்பு ஆலை, கப்பல்துறை என்று உழைக்கிற ஜனங்கள் நிறைந்த ஊர். கிழக்குக் கரையில் நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன் என்று பெரிய பெயர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் என்பதால் கொஞ்சம் தாழ்வு மனப்பான்மையும் உண்டு. அந்த ஊருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று கோல்ட்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணி. இன்னொன்று ஓரியோல்ஸ். இரண்டும் 33-ஆவது தெருவில் இருந்த மெமோரியல் ஸ்டேடியத்தில்தான் ஆடின.

(ஓரியோல் என்பது மேரிலாந்தின் மாநிலப் பறவை. ஆரஞ்சும் கருப்பும் கலந்த குட்டிப் பறவை. நம்ம ஊர் மாங்குயிலின் சாயல் இருந்ததால் அதன் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். மற்றபடி இரண்டுக்கும் சொந்தம் கிடையாது!)

அமெரிக்காவில் ஒரு விளையாட்டு அணி என்பது முதலாளியின் சொத்து. ஊர்ப் பெயரைச் சுமந்தாலும் ஊருக்கு அதில் பங்கு கிடையாது. முதலாளி நினைத்தால் கடையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம். கோல்ட்ஸ் அணியின் முதலாளி ராபர்ட் இர்சே. ஸ்டேடியம் வசதி போதவில்லை என்று வருடக்கணக்காக நகரத்தோடு மல்லுக்கு நின்றார். அணியை அரசே கையகப்படுத்த வழி செய்யும் சட்டத்துக்கு மேரிலாந்து சட்டமன்றத்தில் ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்ததும் அவர் காத்திருக்கவில்லை. 1984 மார்ச் 28-ஆம் தேதி ராத்திரி மேஃப்ளவர் என்ற கம்பெனியின் லாரிகள் வந்து நின்றன. பனி கொட்டிக்கொண்டிருந்தது. அணியின் தளவாடங்கள் மொத்தமும் ஏற்றப்பட்டு, விடிவதற்குள் இண்டியானாபோலிஸ் நகரத்துக்குக் கிளம்பிவிட்டன. காலையில் ஊர் எழுந்து பார்த்தபோது அணி இல்லை.

முப்பது வருடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குடும்பத்தோடு போய்க் கத்திய ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோல்ட்ஸ் அணிக்கு வாசித்த பேண்டு வாத்தியக் குழு மட்டும் கலையவில்லை. அணியே இல்லாத ஊரில் அந்தக் குழு 12 வருடம் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தது, 1996-ல் ரேவன்ஸ் என்ற புது அணி வரும் வரைக்கும்!

ஆக 1984-க்குப் பிறகு பால்டிமோரில் மிஞ்சியது ஓரியோல்ஸ் மட்டும்தான். அதன் முதலாளி எட்வர்ட் பென்னட் வில்லியம்ஸ். வாஷிங்டனில் கொடிகட்டிப் பறந்த வக்கீல். 1979-ல் அணியை வாங்கினார். வாஷிங்டனில் இருந்த பேஸ்பால் அணி 1971 சீசனோடு டெக்சாஸுக்குப் போய்விட்டது. தலைநகரமே அணி இல்லாமல் கிடக்கிறது, அணி ஒரு வாஷிங்டன்காரர் கையில், நடுவில் தூரம் அறுபது கிலோமீட்டர்தான். போதாததற்கு வில்லியம்ஸ் மெமோரியல் ஸ்டேடியத்துக்கு நீண்ட காலக் குத்தகை போடாமல் இழுத்தடித்துக்கொண்டே இருந்தார். பால்டிமோர் ரசிகர்கள் ஒவ்வொரு சீசனையும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் பார்த்தார்கள்.

அப்பா, இரண்டு பிள்ளைகள், ஆறு ஆட்டங்கள்

ஓரியோல்ஸ் ஒன்றும் மட்டமான அணி இல்லை. 1966, 1970, 1983 என மூன்று முறை வேர்ல்டு சீரிஸ் ஜெயித்த அணி. தங்கள் இளைஞர்களைத் தாங்களே பயிற்சி கொடுத்து மேலே கொண்டுவருவதில் பேர் பெற்றது. ஆனால் 1983-க்குப் பிறகு சறுக்கல். வெளியிலிருந்து பெரிய சம்பளத்துக்கு வயதான ஆட்டக்காரர்களை வாங்கினார்கள், உள்ளூர்ப் பயிர் வாடியது. 1986-ல் தங்கள் பிரிவில் கடைசி இடம். 1987-ல் 95 தோல்வி.

1988-ல் மேனேஜர் கால் ரிப்கென் சீனியர். 1950-களிலிருந்தே இந்த நிறுவனத்தில் உழைத்தவர். சின்ன ஊர்களில் கத்துக்குட்டி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் படிப்படியாக மேலே வந்தவர். அவருடைய மூத்த மகன் கால் ரிப்கென் ஜூனியர் அணியின் நட்சத்திரம். இளைய மகன் பில்லியும் அதே அணியில். மேஜர் லீக் வரலாற்றில் இரண்டு பிள்ளைகளை ஒரே சமயத்தில் ஒரே அணியில் வைத்து மேய்த்த முதல் அப்பா அவர்தான்.

ஏப்ரல் 4, முதல் ஆட்டம். மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணிக்கு எதிராகச் சொந்த மைதானத்தில், 52 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்களுக்கு முன்னால் ஓரியோல்ஸ் 12-0 என்ற கணக்கில் தோற்றது. அடுத்த ஆட்டமும் தோல்வி. க்ளீவ்லாந்து போய் நாலு ஆட்டம், நாலும் தோல்வி. ஆறு ஆட்டம் முடிந்ததும் கால் ரிப்கென் சீனியர் நீக்கப்பட்டார்.

162-ல் ஆறு! முப்பது வருட உழைப்புக்கு ஆறு ஆட்டத்தில் சீட்டுக் கிழிந்தது. பில்லி தன்னுடைய சட்டை எண்ணை மாற்றிக்கொண்டு அப்பாவின் 7-ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டார். அறிக்கை ஏதும் விடாமல் சொல்ல வேண்டியதை முதுகில் எழுதிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

புது மேனேஜராக ஃப்ராங்க் ராபின்சன் வந்தார். சாதாரண ஆள் இல்லை. 1966-ல் ஓரியோல்ஸ் முதல் முறையாக சாம்பியன் ஆனபோது அணியின் தூண். 1975-ல் க்ளீவ்லாந்து அணிக்கு மேனேஜராகி, மேஜர் லீக்கின் முதல் கறுப்பின மேனேஜர் என்ற வரலாறு படைத்தவர். அவர் வந்த பிறகாவது விடியுமா என்று ஊரே பார்த்தது. அவருக்கும் முதல் வெற்றி கிடைக்க 15 தோல்விகளைத் தாண்ட வேண்டியிருந்தது.

தோல்விகள் பல தினுசு. சில நாள் பத்து ரன் வித்தியாசத்தில் உதை வாங்கினார்கள். ஒரு நாள் க்ளீவ்லாந்துக்கு எதிராகப் பிட்சர்கள் பிரமாதமாக வீசியும் அணி ஒரு ரன்கூட எடுக்காமல் கூடுதல் இன்னிங்ஸில் 1-0 என்று தோற்றது. பிட்சர் நன்றாக வீசினால் பேட் பேசாது, பேட் பேசினால் பிட்சர் சொதப்புவார். வண்டிக்கு ஒரு சக்கரம் சரி செய்தால் இன்னொன்று கழன்றது.

அதுவரை சீசன் ஆரம்பத்தில் தொடர்ந்து தோற்ற சாதனை 13 ஆட்டங்கள் (1904-ல் வாஷிங்டன், 1920-ல் டெட்ராய்ட்). ஓரியோல்ஸ் ஏப்ரல் 20-ஆம் தேதி 14-வது தோல்வியோடு அதையும் தாண்டியது.

இது எவ்வளவு அபூர்வம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. அந்த வருடம் முழுக்கப் பார்த்தால் ஓரியோல்ஸ் மூன்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தது (54 வெற்றி, 107 தோல்வி). அப்படிப்பட்ட அணி ஓர் ஆட்டத்தில் தோற்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. ஒவ்வொரு ஆட்டமும் தனித்தனி என்று வைத்துக்கொண்டு 21 முறை பெருக்கிப் பார்த்தால், வரிசையாக 21 ஆட்டம் தோற்கும் வாய்ப்பு சுமார் 5,000-ல் ஒன்று. அதாவது திறமைக் குறைவு மட்டும் காரணம் இல்லை, துரதிர்ஷ்டமும் பாய் விரித்துப் படுத்திருந்தது.

தூங்காத ரேடியோக்காரர்

இந்த மூன்று வாரமும் ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

முதல் வாரம் கோபம். இரண்டாவது வாரம் கிண்டல். அமெரிக்கா முழுக்க டி.வி.யில் ஓரியோல்ஸ் ஜோக்குகள் ஓடின. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் அட்டையில் பில்லி ரிப்கென் பேட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. ஜனாதிபதி ரீகன் ஃப்ராங்க் ராபின்சனுக்கு போன் போட்டு ஆறுதல் சொன்னார். என் வேதனை உங்களுக்குத் தெரியாது ஐயா என்கிற பாணியில் ராபின்சன் பதில் சொன்னதாக அந்தக் கதை இன்றும் சுற்றுகிறது.

மூன்றாவது வாரம்தான் சுவாரசியம். கிண்டல் மெல்லப் பாசமாக மாறியது. ஊரான் கிண்டல் பண்ணும்போதுதானே நம்ம வீட்டுப் பிள்ளை மேல் பாசம் வரும்? திட்டுகிற உரிமை எங்களுக்கு மட்டும்தான் என்று பால்டிமோர் நினைக்க ஆரம்பித்தது.

98 ராக் என்ற உள்ளூர் ரேடியோவில் காலை நிகழ்ச்சி நடத்தி வந்தவர் பாப் ரிவர்ஸ். ஓரியோல்ஸ் ஜெயிக்கும் வரை ஸ்டுடியோவை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒரு நாள் ஒலிபரப்பிலேயே சபதம் போட்டுவிட்டார். ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ முடிந்துவிடும் என்ற கணக்கு. அணி அவரையும் கைவிட்டது. மில்வாக்கியில் தோல்வி, கான்சாஸ் சிட்டியில் தோல்வி, மின்னசோட்டாவில் தோல்வி. பாட்டு ஓடும் சில நிமிடங்களில் கண் அசந்து, மறுபடி எழுந்து பேசி, அவர் ஸ்டுடியோவிலேயே குடியிருந்தார். மொத்தம் 258 மணி நேரம்!

விளம்பர உத்தி என்று இதை ஒதுக்கலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அது எடுபட்டதற்குக் காரணம், ஊர் முழுக்க அதே காரியத்தைத்தான் வீட்டில் செய்துகொண்டிருந்தது. ஜான் மில்லரின் வர்ணனையை ராத்திரி கடைசி பந்து வரை கேட்டுவிட்டு, தோற்றது தெரிந்து தலையணையில் சாய்ந்து, மறுநாள் ராத்திரி மறுபடி ரேடியோவைத் திருப்பினார்கள். ஜெயிக்கிற அணியின் ரசிகருக்கு இன்று ஒரு ஆட்டம் தவறினால் நாளைக்கு இன்னொன்று உண்டு. தோற்கிற அணியின் ரசிகருக்கு அப்படி விட முடியாது. விட்ட அந்த ஒரு நாளில் ஜெயித்துவிட்டால்? இத்தனை நாள் பட்ட கஷ்டமெல்லாம் வீண் ஆகாதா? (கணக்கியலில் மூழ்கிய செலவு என்பார்கள். திரும்பி வராத பணத்தை நினைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது பாடம். ரசிகர்கள் அந்த வகுப்புக்கு வருவதில்லை.)

ஏப்ரல் 29, சிகாகோ

22-வது ஆட்டம், வெள்ளிக்கிழமை ராத்திரி, சிகாகோவின் காமிஸ்கி பார்க். எதிரணி வொயிட் சாக்ஸ்.

ஓரியோல்ஸின் ஜெனரல் மேனேஜர் ரோலண்ட் ஹெமண்ட் அதற்கு முன்னால் வொயிட் சாக்ஸில் வேலை பார்த்தவர். 1983-ல் அந்த அணி தன் பிரிவை ஜெயித்தபோது ஷாம்பெயினில் நனைந்த கோட் சூட் ஒன்று இருந்தது. ராசியான உடை என்று அதையே அன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்தார். நிலைமை அந்த அளவுக்குப் போயிருந்தது!

முதல் இன்னிங்ஸிலேயே எட்டி மர்ரே ஹோம் ரன் அடித்தார். கால் ரிப்கென் ஜூனியர் நாலு ஹிட், அதில் ஒன்று ஹோம் ரன். மார்க் வில்லியம்சனும் டேவ் ஷ்மிட்டும் பந்து வீசி, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஓரியோல்ஸ் 9, வொயிட் சாக்ஸ் 0. பால்டிமோரில் பாப் ரிவர்ஸ் ஒருவழியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

சினிமாவாக இருந்தால் இங்கிருந்து வெற்றி மேல் வெற்றி வந்திருக்கும். நடந்தது என்ன? அடுத்த இரண்டு நாளும் அதே சிகாகோவில் மறுபடி தோல்வி. 1 வெற்றி, 23 தோல்வி என்ற கணக்கோடு அணி ஊருக்கு விமானம் ஏறியது.

மே 2, பால்டிமோர்

அந்தத் திங்கட்கிழமை ஆட்டத்துக்கு அற்புத ரசிகர்கள் இரவு என்று பெயர் வைத்திருந்தார்கள். ரேடியோக்காரர்கள் விளம்பரம் செய்தார்கள். மறுநாள் வேலை, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. இருந்தும் 50,402 பேர் வந்தார்கள். வெறும் சாதாரண ஓட்டங்களுக்கெல்லாம் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஓரியோல்ஸ் 9-4 என்று ஜெயித்தது.

எதிரணி யார் தெரியுமா? டெக்சாஸ் ரேஞ்சர்ஸ். 1971 வரை வாஷிங்டனில் இருந்து, பிறகு ஊரை விட்டுப் போன அதே அணி. ஓரியோல்ஸும் பால்டிமோரில் பிறந்ததில்லை. செயின்ட் லூயிஸ் நகரத்தில் ப்ரவுன்ஸ் என்ற பெயரில் இருந்து 1954-ல் இங்கே வந்த அணி. பால்டிமோரின் வரவு இன்னொரு ஊரின் இழப்பு. அன்று மைதானத்தில் நின்ற இரண்டு அணிகளுமே ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஊர் ரசிகர்களை அழவைத்தவைதான்.

அன்றைய ராத்திரியின் பெரிய செய்தி ஸ்கோர்போர்டில் வரவில்லை. மாநில கவர்னர் வில்லியம் டொனால்ட் ஷேஃபரும் முதலாளி வில்லியம்ஸும் சேர்ந்து அறிவித்தார்கள்: புது ஸ்டேடியம் கட்டப்படும், ஓரியோல்ஸ் அதில் ஆட 15 வருட ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஷேஃபர்தான் கோல்ட்ஸ் போன ராத்திரியில் பால்டிமோரின் மேயராக இருந்தவர். மைதானம் ஆர்ப்பரித்தது. 1-23 என்று நிற்கிற அணிக்கு அல்ல, போகாமல் நிற்கப் போகிற அணிக்கு.

அந்தக் கூட்டம் வந்ததால்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது என்று கதை கட்டக் கூடாது. பேச்சுவார்த்தை பல மாதங்களாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் கூட்டம் வராமல் போயிருந்தால் அந்த அறிவிப்புக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் மக்கள் பணத்தில் ஸ்டேடியம் கட்டுகிறோம் என்று ஒரு கவர்னர் சொல்ல முடியுமா?

கொஞ்சம் கணக்கு வழக்கு

இங்கேதான் கதையின் இன்னொரு பக்கம் வருகிறது.

புது ஸ்டேடியத்தின் செலவு சுமார் 11 கோடி டாலர். முதலாளி பையிலிருந்து வரவில்லை. பெரும்பகுதிக்கு மாநில அரசு கடன் பத்திரம் போட்டு, லாட்டரி வருமானத்தைக் கொண்டு அடைத்தது. முதலாளிக்கு என்ன கிடைத்தது? அணியின் விலையைப் பாருங்கள்.

1979-ல் வில்லியம்ஸ் வாங்கிய விலை சுமார் 1.2 கோடி டாலர்.
1988-ல் விற்ற விலை சுமார் 7 கோடி டாலர். அதுவும் 107 ஆட்டம் தோற்ற வருடத்தில்!
1993-ல், புது ஸ்டேடியம் வந்த பிறகு, திவால் கோர்ட் ஏலத்தில் 17.3 கோடி டாலர்.
2024-ல் 170 கோடி டாலருக்கும் மேல்.

அணியின் விலை அது ஜெயிக்கும் ஆட்டங்களைப் பொறுத்து ஏறவில்லை. தோற்றாலும் வருவார்கள் என்கிற ஜனங்களைப் பொறுத்து ஏறியது. கணக்கியலில் இதற்கு நற்பெயர் என்று ஒரு பெயர் உண்டு. தொட முடியாத சொத்து என்ற தலைப்பில் இருப்புநிலைக் குறிப்பில் எழுதுவார்கள். அந்த ஏப்ரல் முழுக்க ரேடியோ முன்னால் உட்கார்ந்து அந்தச் சொத்தைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் ரசிகர்கள். ஆனால் சொத்து அவர்கள் பெயரில் இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போனால், ஸ்டேடியம் கட்டிக் கொடு, இல்லாவிட்டால் போய்விடுவேன் என்று முதலாளி மிரட்ட முடிவதே ரசிகர்களின் பாசத்தை நம்பித்தான். யாருக்கும் வேண்டாத அணி போகிறேன் என்றால் யார் பயப்படுவார்கள்? விசுவாசம் அதிகமானால் அதற்குக் கட்ட வேண்டிய விலையும் அதிகமாகிறது.

அப்படியானால் அந்த 50,402 பேர் ஏமாளிகளா? ஏமாளிக்கு நடப்பது தெரியாது. இவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலாளி எப்போது வேண்டுமானாலும் லாரி கொண்டுவரலாம் என்பதை 1984-ல் கண்ணால் பார்த்தவர்கள். வேறு கடைக்குப் போகலாம் என்கிற பாடம் இவர்களுக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் அந்த ஊரில் வேறு கடையே கிடையாது. அணி இருந்தால் தோல்வியையாவது பார்க்கலாம். அணி போய்விட்டால் தோற்பதற்குக்கூட ஆள் இல்லை. தோற்கும் அணியைவிட மோசமானது ஒன்று உண்டு என்று அனுபவத்தில் கற்றவர்கள் அவர்கள். அந்தத் திங்கட்கிழமை டிக்கெட் வாங்கியது நன்றாகக் கணக்குப் போட்ட செலவு.

பிறகு நடந்தது

1988 சீசனை ஓரியோல்ஸ் கடைசி இடத்தில் முடித்தது. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த வில்லியம்ஸ் அந்த ஆகஸ்ட் மாதம் இறந்தார். வயதான ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அனுப்பப்பட்டு இளைஞர்கள் வந்தார்கள்.

அடுத்த வருடம், 1989-ல், யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அதே ஃப்ராங்க் ராபின்சன் தலைமையில் 87 ஆட்டம் ஜெயித்து, சீசனின் கடைசி வார இறுதி வரை முதல் இடத்துக்குப் போட்டியிட்டார்கள். டொரன்டோவிடம் தோற்று இரண்டாவது இடம். ஏன் முடியாது என்பதுதான் அந்த வருடம் பால்டிமோரின் கோஷம். ராபின்சனுக்கு அந்த ஆண்டின் சிறந்த மேனேஜர் விருது கிடைத்தது. முந்தைய வருடம் சுமார் 16 லட்சமாக இருந்த மைதானக் கூட்டம் 25 லட்சத்தைத் தாண்டியது. நீக்கப்பட்ட ரிப்கென் சீனியரும் அந்த வருடம் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார்.

கேம்டன் யார்ட்ஸ் என்ற புது ஸ்டேடியம் 1992 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தது. ரயில்வேயின் பழைய செங்கல் கிடங்கை இடிக்காமல் பக்கத்தில் வைத்துக் கட்டிய அழகான ஸ்டேடியம். பிறகு அமெரிக்கா முழுக்கப் பல நகரங்கள் அதைப் பார்த்துத்தான் கட்டின. அங்கேதான் 1995 செப்டம்பர் 6-ஆம் தேதி கால் ரிப்கென் ஜூனியர் தொடர்ந்து 2,131-வது ஆட்டம் ஆடி லூ கெரிக்கின் சாதனையை முறியடித்தார். அந்த 2,131-க்குள் 1988-ன் 21 தோல்விகளும் அடக்கம். அப்பா நீக்கப்பட்ட பிறகு நடந்த ஆட்டத்திலும் அவர் ஆடினார், 0-20 என்று இருந்த நாளிலும் ஆடினார். லீவு போடாமல் வந்ததுதான் அவருடைய பெருமை என்றால், அதில் பால்டிமோர் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களும் அந்த ஏப்ரலில் லீவு போடவில்லை.

சீசன் ஆரம்பத்தில் தொடர்ந்து 21 தோல்வி என்ற சாதனையை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஆனால் 2024-ல் சீசன் நடுவில் ஓர் அணி தொடர்ந்து 21 ஆட்டம் தோற்று, அமெரிக்கன் லீக்கின் நீண்ட தோல்வி வரிசையில் ஓரியோல்ஸோடு சேர்ந்துகொண்டது. எந்த அணி? 1988-ல் 9-0 என்று தோற்று ஓரியோல்ஸுக்கு முதல் வெற்றியைக் கொடுத்த அதே சிகாகோ வொயிட் சாக்ஸ்! அந்த வருடம் 121 ஆட்டம் தோற்ற அந்த அணியையும் தினமும் ராத்திரி பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்கள் சிகாகோவில் இருந்தார்கள். அவர்களுடைய கஷ்டம் பால்டிமோர்காரர்களுக்குப் புரிந்திருக்கும்.